தொட்டுப் படித்தவர்கள்

1771ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துச் சந்தை ஒன்றில் ஒரு வேடிக்கை நடந்தது. சென் ஓவிட் சந்தை என்று அதற்குப் பெயர். அங்கிருந்த கோப்பிக் கடைக்காரர் ஒருவர், கூட்டம் சேர்ப்பதற்காக, விழிப்புலனற்ற சிலரைக் கொண்டுவந்து மேடையில் இருத்தினார். அவர்களுக்கு நீண்ட அங்கிகளும் கோமாளித் தொப்பிகளும் அணிவிக்கப்பட்டன. மட்டையால் செய்த பெரிய மூக்குக்கண்ணாடிகள் மாட்டப்பட்டன. முன்னால் இசைக் குறிப்புத் தாள்களை விரித்து, அவற்றைப் 'பார்ப்பதற்கு' வெளிச்சமாக மெழுகுதிரிகளையும் ஏற்றிவைத்து, வாத்தியங்களைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் காட்சியைச் சித்திரமாக வரைந்து விற்றவர்களும் உண்டு. அச்சித்திரம் இன்றும் கிடைக்கிறது.

அக்கூட்டத்தில் சிரிக்காமல் நின்ற ஒருவர் வலன்ரைன் ஹாயி. மொழிபெயர்ப்புத் தொழில் செய்துவந்த 25 வயது இளைஞர். இந்தக் கேலிக்கூத்தை உண்மையாக்கிக் காட்டுவேன், இவர்கள் நிசமாகவே படிப்பார்கள், நிசமாகவே இசைப்பார்கள் என்று அன்று தாம் உறுதி கொண்டதாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

மேடையில் இருத்தப்பட்டவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னன் பாரிஸிலே 300 விழிப்புலனற்றோருக்காக ஒரு விடுதி அமைத்தான். 'பதினைந்து இருபதுகள்' என்பது அதன் பெயர். பதினைந்து இருபது முந்நூறு அல்லவா? பழைய பிரெஞ்சுக் கணக்கு முறை அது. உண்டி கொடுத்தார்கள், உறையுள் கொடுத்தார்கள், பிச்சை எடுக்க உரிமையும் கொடுத்தார்கள். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளாக அவர்களுக்கு ஒரு புத்தகம் கொடுக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. தானம் வேறு, கலையில் பங்கு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்றினை நான் கண்டதில்லை.

இந்த இடத்தில் நமது மரபை நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். தமிழிலே விழிப்புலனற்ற புலவர்களுக்குப் பஞ்சமில்லை. இரட்டைப் புலவர்கள் என அறியப்பட்ட இருவரில் ஒருவருக்குப் பார்வை இல்லை, மற்றவருக்குக் கால் வழங்காது. பார்வையற்றவரின் தோளில் ஏறி மற்றவர் வழிகாட்ட, ஊர் ஊராகச் சென்று பாடினார்கள் என்பது மரபு. அந்தகக்கவி வீரராகவ முதலியார் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து பரராசசேகர மன்னனின் சபையில் பாடிப் பரிசில் பெற்றார் என்றும் சொல்வார்கள். அவர் கல்வி கற்ற விதத்தைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. தம் முதுகிலே பிறர் விரலால் எழுதிக் காட்ட, அதனை உணர்ந்து எழுத்துகளைப் படித்தாராம். கதையோ நிசமோ, தொட்டுப் படித்தல் என்ற எண்ணம் நமக்கும் அந்நியமானதன்று.

இவர்கள் புலவர்களாக முடிந்ததற்குக் காரணம் என்ன? அக்காலத்து இலக்கியம் செவிக்குரியதாக இருந்தது. ஏடு சிலருடைய கையில்தான் இருந்தது. மற்ற எல்லோரும் கேட்டும் மனனம் செய்தும் கற்றார்கள். கண் உள்ளவனும் இல்லாதவனும் ஆசிரியன் முன் ஒரே திண்ணையில் இருந்தார்கள். அச்சு இயந்திரம் வந்தது. நல்லதுதான். நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த பின்னர் ஏழைப் பிள்ளையின் கைக்கும் நூல் வந்தது. ஆனால் அதே அச்சு, இலக்கியத்தைச் செவியிலிருந்து கண்ணுக்கு மாற்றியும் விட்டது. பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சிறுவயதில் அம்மை நோயால் பார்வையிழந்தவர். 1884இல் மறைந்த அவர், அந்தப் பழைய செவிவழிக் கல்வியின் கடைசி மாணவர்களுள் ஒருவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அச்சு யுகத்தில் பார்வையற்றவருக்குப் புது வாசல் ஒன்று வேண்டியிருந்தது. அந்த வாசல் திறந்த கதையைத்தான் பாரிஸில் தொடங்கினேன்.

ஹாயி 1785இல் தமது பாடசாலையைத் தொடங்கினார். அவருடைய முதல் மாணவன் தேவாலய வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசுவேர் என்னும் இளைஞன். ஈரத்தாளை அச்செழுத்தின் மேல் பலமாக அழுத்தினால் மறுபுறத்தில் எழுத்து புடைத்து நிற்கும். அதனை விரலால் தடவி வாசிக்கலாம். இதுவே ஹாயியின் முறை. 1786இல் இம்முறையில் ஒரு நூலையே அச்சிட்டு வெளியிட்டார். பதினாறாம் லூயி மன்னன் முன்னிலையில் வெர்சாய் அரண்மனையில் மாணவர்கள் படித்துக் காட்டினார்கள்.

ஆனால் அதில் பெரியதொரு குறை இருந்தது. அது கண்ணுக்காகப் பிறந்த எழுத்து. கண் ஒரு சொல்லை ஒரே வீச்சில் விழுங்கிவிடும். விரலோ ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் நெளிவையும் ஊர்ந்து ஊர்ந்து அளக்க வேண்டும். வாக்கியத்தின் இறுதிக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும். எழுத்துகள் பெரிதாக இருக்கவேண்டியிருந்ததால் புத்தகங்கள் பாறாங்கல் போலக் கனத்தன. எல்லாவற்றிலும் மோசம், அந்த மாணவன் தானாக ஒரு வரி எழுத வழியில்லை. வாசகனாகலாம், எழுத்தாளனாக முடியாது.

இந்தப் பாடசாலைக்குத்தான் 1819இல் லூயி பிரெயில் என்ற பத்து வயதுச் சிறுவன் வந்து சேர்ந்தான். பாரிஸுக்குக் கிழக்கேயுள்ள கூவ்ரே கிராமத்தில் 1809 ஜனவரி 4ஆம் திகதி பிறந்தவன். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதிலே தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் கூரிய கருவி ஒன்றை எடுத்து விளையாடும்போது அது கண்ணில் குத்திவிட்டது. புண் சீழ்பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதளவில் இரண்டு கண்களும் பறிபோயின.

1821ஆம் ஆண்டு அப்பாடசாலை வரலாற்றிலே இரு வகையில் முக்கியமானது. புரட்சிக்குப் பிந்திய குழப்பங்களில் சொந்தப் பாடசாலையிலிருந்தே வெளியேற்றப்பட்டு, ரஷ்யாவில் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய முதிய ஹாயி, அவ்வாண்டு அங்கு அழைக்கப்பட்டார். மாணவர்கள் பாடி அவரைக் கௌரவித்தார்கள். சிறுவன் லூயியும் அங்கு இருந்தான். அடுத்த ஆண்டே ஹாயி காலமானார். அதே 1821இல் சாள்ஸ் பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரி, புள்ளிகளால் எழுதும் முறை ஒன்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். இருளிலே போர்வீரர் செய்தி படிப்பதற்காக நெப்போலியன் கேட்டுச் செய்வித்த முறை அது என்று பல நூல்களில் எழுதியிருப்பார்கள். சுவையான கதை. ஆதாரம் பலமாக இல்லை.

பார்பியேயின் முறையில் ஒரு குறிக்கு நெடுக்காக ஆறு ஆறாக இரண்டு வரிசைகள், அதாவது 12 புள்ளிகள் வரை இருக்கும். எழுத்துகளுக்கு அல்ல, ஒலிகளுக்கே அவர் குறி அமைத்தார். எழுத்துக்கூட்டல் இல்லை, நிறுத்தக்குறி இல்லை, இசைக் குறியும் இல்லை. முறையான கல்வி கிட்டாத எளியவருக்கு இதுவே போதும் என்பது அவர் எண்ணம். நல்ல மனிதர்தான். ஆனால் இந்தப் 'போதும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒதுக்கப்பட்ட மக்களுக்குக் கலையையும் கல்வியையும் எடுத்துச் செல்லப் புறப்படும் நல்ல மனிதர்கள் பலருடைய வாயில் இச்சொல்லை நான் கேட்டிருக்கிறேன்.

லூயிக்கு அது போதவில்லை. பிரெஞ்சு மொழியைப் பிழையற எழுதவேண்டும், இலக்கியம் படிக்கவேண்டும், இசை எழுதவேண்டும் என்று அவன் விரும்பினான். விடுமுறையிலும் இரவிலும் தாளில் குத்திக் குத்திப் பார்த்தான். 12 புள்ளிகளை ஆறாகக் குறைத்தான். அதன் சிறப்பு வெறும் சிக்கனம் அல்ல. ஆறு புள்ளிகள் கொண்ட கட்டம் விரல் நுனிக்குள் அடங்கும். விரல் மேலும் கீழும் தேடவேண்டியதில்லை, வரியின் வழியே வழுக்கிக்கொண்டே போகலாம். கண் ஒரு எழுத்தைப் பார்ப்பதைப் போல விரல் ஒரு எழுத்தை ஒரே தொடுகையில் அறிகிறது. ஆறு புள்ளிகளில் எவை எழும், எவை எழா என்ற வேறுபாட்டால் 63 குறிகள் கிடைக்கும். 1824இல், பதினைந்து வயதில், முறையின் அடிப்படை தயாராகிவிட்டது.

எழுதுவதும் எளிது. துளையிட்ட சட்டத்தின் கீழ் தடித்த தாளை வைத்து, குத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்திச் செல்லவேண்டும். தாளைப் புரட்டினால் புள்ளிகள் மேலெழுந்து இடமிருந்து வலமாகப் படிக்கக் கிடைக்கும். கண்ணைப் பறித்ததும் கூரிய கருவி, எழுத்தைத் தந்ததும் கூரிய கருவி என்று சொல்லி உருகுவோர் உண்டு. எனக்கென்னவோ அந்தப் பையனின் பிடிவாதம்தான் பெரிதாகப் படுகிறது.

1829இல் அவர் தமது முறையை நூலாக வெளியிட்டார். சொற்களையும் இசையையும் தேவாலயப் பாடல்களையும் புள்ளிகளால் எழுதும் வழி என்பதே நூலின் பொருள். தலைப்பிலேயே இசை இருக்கிறது. அவர் பாரிஸ் தேவாலயங்களில் ஓர்கன் வாசித்த கலைஞர். ஓர்கன் வாசிப்பவருக்கு இரு கைகளும் வேலையில் இருக்கும். ஆகவே புள்ளியில் எழுதிய இசையை முதலில் விரலால் படித்து, மனத்தில் பதித்து, பின்னரே வாசிக்க வேண்டும். ஆயினும் வேறொருவர் வாசித்துக் காட்டும்வரை காத்திருக்கும் நிலை ஒழிந்தது. 1771இல் சந்தையில் தலைகுனிந்து இருந்தவர்களின் முன்னால் விரிக்கப்பட்டிருந்த அந்தப் பொய்த் தாள்களுக்கு இதுவே விடை எனலாம். இன்னொரு வேடிக்கை: புள்ளி முறையை விளக்கும் அந்த நூல், ஹாயியின் பழைய புடைப்பெழுத்திலேதான் அச்சிடப்பட்டது. முன்னுரையில் பார்பியேக்கு நன்றி சொல்லவும் அவர் மறக்கவில்லை.

மாணவர்கள் இந்த முறையை ஆவலோடு பற்றிக்கொண்டார்கள். பாடசாலை பற்றிக்கொள்ளவில்லை. 1840இல் புதிய அதிபராக வந்த டுஃபோ என்பவர் பிரெயில் முறையைத் தடைசெய்தார். பழைய புத்தகங்கள் எரிக்கப்பட்டன. பார்வையுள்ளோர் படிக்கும் எழுத்தையே பார்வையற்றோரும் படிக்கவேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் தனிச் சாதியாகிவிடுவார்கள் என்பது அக்காலக் கல்வியாளர் பலரின் வாதம். கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் அந்த வாதத்துக்குள்ளே இருப்பது ஆசிரியரின் வசதி. ஆசிரியருக்குப் புள்ளி தெரியாது. தனக்குத் தெரியாத எழுத்தில் மாணவன் எழுதிவைப்பதை அவரால் கண்காணிக்க முடியாது. மாணவர்களோ கிடைத்த ஊசியையும் ஆணியையும் கொண்டு ஒளித்து ஒளித்து எழுதிக்கொண்டார்கள், மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்தைக் கற்பதற்காகத் தண்டனைக்கும் அஞ்சாத மாணவர்களை உலகில் வேறெங்கு காண்போம்?

அதிபருக்கு அடுத்த நிலையிலிருந்த குவாதே மனம் மாறினார். 1844இல் பாடசாலையின் புதிய கட்டடத் திறப்பு விழா. சபையோர் முன்னிலையில் ஒரு பிள்ளைக்குச் செய்யுள் வரிகள் சொல்லப்பட, அப்பிள்ளை புள்ளியில் எழுதிக்கொண்டது. அப்போது வெளியே சென்றிருந்த இன்னொரு பிள்ளை உள்ளே அழைக்கப்பட்டு, அத்தாளைத் தடவி, சொன்ன வரிகளைச் சொன்னபடியே படித்தது. தடை அத்தோடு தளர்ந்தது. பிரான்ஸ் அரசு அம்முறையை ஏற்றுக்கொண்டது 1854இல். லூயி பிரெயில் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1852 ஜனவரி 6ஆம் திகதி, சயரோகத்தால் காலமாகிவிட்டார். வயது 43. நூறு ஆண்டுகள் கழிந்து 1952இல் அவருடைய உடலின் எச்சங்களைத் தேசத்தின் பெருமக்கள் உறங்கும் பாந்தியனுக்குக் கொண்டுசென்றார்கள். கைகளை மட்டும் கூவ்ரே கிராமத்திலேயே விட்டுவிட்டார்கள்.

ஆங்கிலேய நாட்டில் நடந்த ஒன்றையும் குறிப்பிடாமல் விடமுடியாது. அங்கே ஒன்றுக்கொன்று போட்டியான பல புடைப்பெழுத்து முறைகள் இருந்தன. 1868இல் தோமஸ் ஆமிற்றேஜ் என்ற, பார்வை மங்கிய வைத்தியர், எந்த முறை சிறந்தது எனத் தீர்மானிக்க ஒரு சிறு குழுவை அமைத்தார். அக்குழுவில் சேர நிபந்தனைகள் இருந்தன: விரலால் படிப்பவராக இருக்கவேண்டும், குறைந்தது மூன்று முறைகளாவது தெரிந்திருக்க வேண்டும், எந்த முறையிலும் பண லாபம் உள்ளவராக இருக்கக் கூடாது. கண்ணால் படிக்கும் கனவான்கள் எவருக்கும் அங்கு வாக்கு இல்லை. அவர்கள் தேர்ந்தது பிரெயிலை. இந்த நிபந்தனைகளைக் கலை நிறுவனங்கள் தங்கள் சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

இனி நமது மொழிக்கு வருவோம். இந்தியாவில் முதற் பாடசாலை 1887இல் அமிர்தசரசில் எழுந்தது. தமிழகத்திலே பாளையங்கோட்டையில் 1890இல் ஒன்று தொடங்கியது. இலங்கையில் மேரி சப்மன் என்ற மிஷன் பெண்மணியின் முயற்சியால் 1912இல் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை உருவாகியது. இரத்மலானைப் பாடசாலை என்றால் எல்லோருக்கும் தெரியும். வடக்கில் கைதடியில் நவீல்ட் பாடசாலை பின்னர் வந்தது. ஆனால் துணைக்கண்டத்தில் அப்போது ஆளுக்கொரு புள்ளி முறை. ஒரு மாகாணத்தில் அச்சான நூலை மறு மாகாணத்தில் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க யுனெஸ்கோ முன்வந்தது. 1951இல் பெய்ரூட் நகரில் கூடிய மாநாட்டின் பின்னர் 'பாரதி பிரெயில்' என்ற பொது முறை நிலைபெற்றது. பாரதியாருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. பாரதத்தின் மொழிகளுக்குப் பொதுவானது என்பதே கருத்து.

தமிழுக்கு 247 எழுத்துகள், புள்ளிக்குறிகளோ 63. எப்படிப் போதும் என்று நேயர்கள் கேட்கலாம். விடை நமது இலக்கண நூல்களிலேயே இருக்கிறது. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் கூடியது. எனவே மெய்க்கு ஒரு குறி, அதைத் தொடர்ந்து உயிருக்கு ஒரு குறி. அகரம் ஏறிய மெய்க்குத் தனியே உயிர்க்குறி தேவையில்லை. தனி மெய்க்கு ஒரு புள்ளிக்குறி உண்டு. அச்சிலே 'கொ' என்று எழுதும்போது ககரத்தின் முன்னே ஒரு கொம்பும் பின்னே ஒரு காலும் நிற்கின்றன. ஒலியோ அப்படியில்லை. பிரெயிலில் முதலில் ககரம், பின்பு ஒகரம். ஒலிக்கும் ஒழுங்கிலேயே எழுத்து வருகிறது. இந்த ஒரு விஷயத்தில், தொட்டுப் படிப்பவரின் தமிழ், பார்த்துப் படிக்கும் நமது தமிழை விட இலக்கணத்துக்கு நெருக்கமானது.

அகரத்துக்கு ஒரே ஒரு புள்ளி, இடப்பக்கத்து மேல் மூலையில். அதன் நேர் கீழே, அடி மூலையில் இன்னொன்றைச் சேர்த்தால் ககரம். இதுவே லூயி பிரெயிலின் 'கே' எழுத்து. இனி நான் சொல்வதைச் சற்று நின்று யோசியுங்கள். சிங்களப் பிரெயிலும் இதே பாரதி பிரெயில் குடும்பத்தைச் சேர்ந்தது. அச்சிலே தமிழ்க் ககரமும் சிங்களக் ககரமும் ஒன்றையொன்று அறியாத இரு வடிவங்கள். பெயர்ப்பலகையில் எது மேலே, எது கீழே என்று இந்நாட்டில் எவ்வளவு நடந்திருக்கிறது! விரலின் கீழ் அவை ஒன்று. ககரம், மகரம், லகரம், பகரம், ரகரம், எல்லாம் ஒன்றே. சில எழுத்துகளில் வேறுபாடு உண்டு, மொழிகளும் வேறுதான். ஆனால் ஒரு மொழியின் எழுத்தைக் கற்ற பிள்ளை மற்ற மொழியின் எழுத்துகளில் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே கற்றுவிட்டது. கண்ணுள்ள பிள்ளைகளுக்கு இந்நாட்டில் கிட்டாத வாய்ப்பு இது.

பிரெயில் புத்தகம் ஒன்றை நான் தடவிப் பார்த்திருக்கிறேன். என் விரலுக்கு அது மணல் தூவிய தாள். பழகிய விரல் அதிலே காவியம் படிக்கிறது. ஆனால் அதன் பருமன் பெரிய இடைஞ்சல். கையடக்கமான ஒரு நாவல் புள்ளியில் பல தொகுதிகளாக வீங்கிவிடும். தடித்த தாள், செலவு அதிகம், அடுக்கி வைத்தால் புள்ளி நசியும். முதுமையிலோ போரிலோ பார்வை இழந்தவரின் விரல் இலகுவில் பழகுவதுமில்லை.

முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களின் தேவையே பேசும் நூலுக்கு வழிவகுத்தது. 1934இல் அமெரிக்காவிலும் 1935இல் பிரித்தானியாவிலும் இசைத்தட்டில் பதிந்த நூல்கள் வரலாயின. சாதாரண இசைத்தட்டு ஒரு பக்கம் நாலைந்து நிமிடம் ஓடிய காலம் அது. நாவலுக்கு அது எம்மாத்திரம்? சுழலும் வேகத்தைக் குறைத்து, பிரித்தானியத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம் வரை பதிந்தார்கள். பொதுமக்களின் கைக்கு நீண்டநேர இசைத்தட்டு வந்தது 1948இல். இந்த ஒரு வசதியில் பார்வையற்றவர்களே முன்னே போனார்கள்.

பிரித்தானியாவில் முதலில் வந்த நூல்களில் ஒன்று ஜோசப் கொன்ராட்டின் 'டைஃபூன்'. மற்றொன்று அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ரொய்டின் கொலை'. பின்னைய நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதிலே கதை சொல்பவரின் குரல்தான் எல்லாம். அக்குரலைத் தனியறையில் காதாலே கேட்டவர்கள், தாளிலே படித்தவர்களை விட ஒரு படி அதிகமாகவே அதை அனுபவித்திருப்பார்கள். நமது வானொலி நாடகமும் அப்படித்தான். சானாவின் 'இலண்டன் கந்தையா' ஒலித்த நேரத்தில் வீட்டிலே பார்வை உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் இருக்கவில்லை. ஒரு சிரிப்பு, ஒரே வேளையில்.

அண்மைக் காலத்து நிலைமை என்ன? பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றதால், ஒரு நாட்டில் தயாரித்த பேசும் நூலை மறு நாட்டுக்கு அனுப்ப இயலாதிருந்தது. இதனைப் 'புத்தகப் பஞ்சம்' என்று விழிப்புலனற்றோர் அமைப்புகள் அழைத்தன. 2013இல் மரகேஷ் நகரில் கையொப்பமான உடன்படிக்கை அத்தடையை நீக்க வழி செய்தது. அதனை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். இலங்கை 2016இல் சேர்ந்தது. நமது புலமைச் சொத்துச் சட்டம் 2022இல் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. சட்டம் இப்போது பக்கத்தில் நிற்கிறது.

சாதனமும் இருக்கிறது. கைத்தொலைபேசி தமிழை வாசித்துக் காட்டுகிறது. இடைஞ்சல் இப்போது வேறிடத்தில். ஈழத்தில் பல ஆண்டுகளாக நூல்களைப் பாமினி எழுத்துருவிலே கோத்துவந்தோம். அது கண்ணுக்குத் தமிழ். கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல். தொலைபேசி அதனை வாசித்தால் பொருளற்ற இரைச்சலே கேட்கும். மின்வருடிச் சேமித்த பழைய நூல்களோ பக்கங்களின் படங்கள். அழியாமல் காத்தது பெரும்பணி, அதில் சந்தேகமில்லை. ஆயினும் படத்தைத் தொலைபேசி படிக்காது. எழுத்தை உணரும் மென்பொருளால் மாற்றினாலும், பழைய அச்சில் ரகரத்தையும் காலையும் அது குழப்பிவிடுகிறது. ஒருவர் இருந்து சரிபார்க்கத்தான் வேண்டும்.

நூல் வெளியிடும் நண்பர்களிடம் நான் ஒன்று கேட்டுவருகிறேன். வெளியீட்டு விழாவுக்கு முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று எடுத்து வைக்கிறீர்கள். அத்தோடு யூனிகோட் எழுத்திலமைந்த கோப்பு ஒன்றையும் எடுத்து, சுன்னாகம் வாழ்வகம் போன்ற விழிப்புலனற்றோர் இல்லங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அனுப்பி வையுங்கள். செலவு ஒரு சதமும் இல்லை. இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது: நாலாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தின் பெயர் இரண்டு இடங்களில் மாறியிருக்கிறதாம். அச்சுப் பிரதியை அதற்கு முன் படித்த எவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.